வலது கண் முதலில்

"சிரிக்காதே. இப்படிப் போட்டாத்தான் நல்லாத் தெரியுது" என்றாள் கடைக்குட்டி.

கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டிருந்தாள். மூக்கின்மேல் உட்கார வேண்டிய பகுதி நெற்றியைப் பார்த்திருந்தது. காதுக்குப் பின்னால் இறங்க வேண்டிய கொம்புகள் மேலே வளைந்து தலைமுடிக்குள் நுழையப் பார்த்தன. விழுந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சமையலறை ஜன்னலருகே நின்றாள். எதிர்க் கட்டடத்தில் முடி வெட்டும் கடை. அதன் பெயர்ப்பலகையின் அடியில் பொடி எழுத்தில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. அதை முழுவதும், தடங்கல் இல்லாமல் படித்தாள்.

"இப்ப நேரா போட்டுப் படி" என்றாள் அக்கா.

நேராகப் போட்டாள். "ஒம்பது. அப்புறம் ஆறு, இல்ல எட்டு. அதுக்கப்புறம் எல்லாம் கொசு."

மறுபடி திருப்பினாள். எண் முழுதாக வந்தது.

அக்காவின் சிரிப்பு நின்றது. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியும் நின்றது. "இதை எப்படிக் கண்டுபிடிச்சே?"

"எங்க கண்டுபிடிச்சேன்? தலைவலி தாங்கல. கோவத்துல கழட்டித் துடைச்சு, பாக்காம மாட்டினேன். மாட்டினா உலகம் பளிச்சுன்னு இருக்கு. கண்ணுல கோளாறா, கண்ணாடியில கோளாறா, இல்ல எனக்கு மண்டையிலயே கோளாறா?"

"மண்டைக் கோளாறு பொறந்ததுலேர்ந்தே இருக்கு. இது புதுசு."

கடைக்குட்டி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். விடுமுறை நாட்கள் என்பதால் வேன் கொட்டகையில் நின்றது. பழைய கண்ணாடிமீது அவளே உட்கார்ந்து உடைத்துவிட்டதால் இந்தப் புதுக் கண்ணாடி. பாலத்தடியில் இருக்கும் பெரிய கண்ணாடிக் கடையில் வாங்கியது. அந்தக் கடைக்கு லென்ஸ் அரைத்துக் கொடுப்பது அக்கா வேலை செய்யும் பட்டறை.

"கடையில கேட்டியா?"

"கேட்டேன். பழகிடும்னாங்க. பத்து நாளா தலைவலிதான் பழகியிருக்கு. நாளன்னைக்குக் காலையில லைசென்ஸ் ஆபீஸ்ல கண் டெஸ்ட். ஒரு கண்ணை மூடிக்கிட்டு இன்னொரு கண்ணால படிக்கச் சொல்வாங்க. படிக்கலைன்னா வேன் அடுத்த ஆளுக்குப் போயிடும். சாவியை வாங்கிக்க ஒருத்தன் இப்பவே கையை நீட்டிக்கிட்டு நிக்கறான். நான் என்ன பண்ண, தலைகீழா மாட்டிக்கிட்டுப் போய் நிக்கவா?"

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். நறுக்கிய வெங்காயத்தில் பெரிய வளையம் ஒன்றையும் சிறிய வளையம் ஒன்றையும் எடுத்துப் பலகைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பெரியது வலப்பக்கம். பலகையை மெதுவாகத் தலைகீழாகச் சுற்றினாள். பெரியது இடப்பக்கம் வந்து நின்றது. இன்னொரு முறை சுற்றினாள். திரும்ப வலம்.

"உன் வலது கண்ணுக்குப் போட வேண்டிய லென்ஸ் இடது பக்கம் இருக்கு. இடது கண்ணோடது வலது பக்கம் இருக்கு. கவுத்துப் போட்டா அதது அததோட இடத்துக்கு வந்துடுது."

"உங்க பட்டறை பிரமாதம்! நீங்க செருப்புத் தைச்சிருந்தா ஊரே இந்நேரம் நொண்டியிருக்கும்."

"பேசாம இருடி" என்றாள் அக்கா. வெங்காய வளையங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இன்னும் கவலை வரவில்லை. எப்படி என்ற கேள்விதான் முதலில் வந்தது. எப்போதும் அவளுக்கு அதுதான் முதலில் வரும்.

அவள் நான்கு பெண்களில் மூன்றாவது. வீட்டில் அதுவே அவளுக்குப் பெயர். அம்மா யாரைக் கூப்பிட்டாலும் உச்சியிலிருந்து ஆரம்பிப்பாள். "பெரியவளே, ரெண்டாவதே, மூணாவதே" என்று வாய் அதன் போக்கில் இறங்கிவந்து வேண்டிய ஆளிடம் நிற்கும். கடைக்குட்டியைக் கூப்பிட்டு முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும். இரண்டாவது பெண் யாரிடமும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு கடல் தாண்டிப் போனாள். அதன்பின் வீட்டில் அவள் பேச்சை எடுக்கக் கூடாது என்று ஆனது. அம்மா கூப்பிடும்போது, "பெரியவளே" என்று சொல்லி ஒரு மூச்சு நிறுத்திவிட்டு "மூணாவதே" என்பாள். அந்த ஒரு மூச்சின் இடம் காலியாகவே இருந்தது. அதில் யாரும் ஏறி உட்காரவில்லை.

"அதான் ரெண்டாவது இல்லையே, நான் ஏன் இன்னும் மூணாவது?" என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"ஏன்னா நீ மூணாவது" என்றாள் அம்மா. "போய் விளக்கைப் போடு."

பட்டறையில் அவள் சேர்ந்தது டப்பா மடிப்பதற்கு. முடிந்த கண்ணாடியைத் துணியில் சுற்றி, டப்பாவில் வைத்து, கடையின் பெயரை ஒட்ட வேண்டும். சில வருஷம் கழித்துப் பட்டறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதில் ஆர்டர்களைப் பதிவதற்கு வழி செய்து கொடுக்க ஒரு புரோகிராமரை வைத்தார்கள். மூன்றாமவள் ஒரு கையில் டப்பாவோடு அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள். அது எதற்கு, இது ஏன் இங்கே, அதை எடுத்துவிட்டால் என்ன ஆகும். "அக்கா, நீங்க டப்பாவை மடிக்கிறீங்களா, என்னை மடிக்கிறீங்களா?" என்பான் அவன். ஆனால் பதில் சொல்லிவிடுவான். அவனுக்கு வேறு இடத்தில் வேலை கிடைத்துப் போனபோது, அவனுக்குத் தெரிந்ததில் பாதி அவளிடம் இருந்தது. மீதிப் பாதி யாரிடமும் இல்லை. டப்பா வேலை வேறு ஒருத்திக்குப் போய், கம்ப்யூட்டர் அவளிடம் வந்தது.

ஆர்டர்கள் எல்லாம் ஒரே ஓர் அட்டவணையில் இருந்தன. ஓர் ஆர்டருக்கு ஒரு வரி. மேலிருந்து கீழாக நெடுவரிசைகள், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெயர். மற்றவர்கள் வாரப் பத்திரிகை படிக்கும் நேரத்தில் அவள் அந்தத் தலைப்புகளைப் படிப்பாள். முதலில் ஆர்டர் எண், கடை, ஆள் பெயர். அடுத்து வலது கண்ணுக்கு மூன்று: பவர், ஒரு சாய்வில் மட்டும் கூடுதலாகத் தரும் பவரான சிலிண்டர், அது எந்தச் சாய்வில் நிற்க வேண்டும் என்ற கோணம். அதே மூன்று இடது கண்ணுக்கு. பிறகு பிரேம். புரோகிராமர் யோசித்தது அத்தோடு முடிந்தது. அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டவை எல்லாம் பட்டறை பட்டுத் தெரிந்துகொண்டவை. யாரோ ஒருவர் கண்ணாடியை வாங்க வரவேயில்லை. தொலைபேசி எண் வந்தது. அவர் எண்ணை மாற்றிக்கொண்டார். இரண்டாவது தொலைபேசி எண் வந்தது. கீறலை வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது. "கீறல் பார்த்தவர்" வந்தது. கடைசியில் "டப்பா நிறம்". அது எந்தச் சண்டையில் வந்தது என்று அவளுக்கே நன்றாகத் தெரியும், சண்டை போட்டவள் அவள்தான். ஒரு பட்டறைக்கு எந்தக் கேள்வி எப்போது உறைத்தது என்பது இடமிருந்து வலமாக அங்கே இருந்தது. இது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்பதில் அவளுக்கு ஒரு சந்தோஷம்.

இதைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள மாலை வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். முதல் வாரமே அங்கே டீச்சர் ஒன்று சொன்னார்.

"நெடுவரிசைங்களுக்குள்ள வரிசை கிடையாது. பேர் மட்டும்தான் உண்டு. பையில போட்ட சாமான் மாதிரி. எது முன்னாடி, எது பின்னாடின்னு கேக்கவே கூடாது."

மூன்றாமவள் கையைத் தூக்கினாள். "அப்ப திரையில மட்டும் ஒண்ணு முன்னாடி வருதே, அது ஏன் மேடம்?"

"எதையாவது முதல்ல காட்டித்தானே ஆகணும்? அதுக்கு அர்த்தம் கிடையாது."

பேருந்தில் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். யாரும் மூத்தவர் இல்லை, யாரும் இளையவர் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், வந்து நிற்பார்கள். அப்படி ஒரு வீடு இருக்க முடியும் என்று யாரும் அவளிடம் அதுவரை சொல்லவில்லை.

ஆனால் அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு சாக்கு வந்து சேர்ந்தது.

லென்ஸ் அரைப்பவரைப் பட்டறையில் சாணைக்காரர் என்பார்கள். அவர் பிரேமைக் கையில் எடுக்கும்போது, தானே போட்டுக்கொள்ளப் போவதைப்போல, கொம்புகள் தன் பக்கம் இருக்கும்படி பிடிப்பார். அப்போது இடது கண் இடது கையில் இருக்கும். திரையிலோ வலது கண்தான் இடப்பக்கம், முதலில். கண் டாக்டருக்கு அது சரி. எதிரில் உட்கார்ந்திருப்பவரின் வலது கண் அவருக்கு இடப்பக்கம்தான் தெரியும். சாணைக்காரருக்கு எதிரில் யாரும் இல்லை.

"கண்ணு ஒரு பக்கம் போகுது, கை ஒரு பக்கம் போகுது. ரெண்டும் குறுக்கால மோதிக்குது" என்று அவர் தினமும் முனகுவார். "இடதை இடது பக்கமே காட்டினா குடியா முழுகிடும்?"

திரையை மட்டும் மாற்றுவதுதான் முறை. அதை எழுதிய கோப்பு புரோகிராமரோடு போய்விட்டது. ஆனால் அந்தத் திரை, அட்டவணையில் எது எந்த வரிசையில் இருக்கிறதோ அதை அப்படியே காட்டும் சோம்பேறித் திரை. அட்டவணையை மாற்றினால் திரை தானாக மாறும். வரிசைக்குத்தான் அர்த்தம் கிடையாதே.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் அதைச் செய்தாள். இடது கண்ணின் மூன்று கட்டங்கள் முன்னால், வலது கண்ணின் மூன்று பின்னால் என்று புதிதாக ஓர் அட்டவணை கட்டினாள். பழையதில் இருந்தவற்றைப் பெயர் பெயராகச் சொல்லி அதற்கு மாற்றினாள். பழையதைக் களைந்துவிட்டு அதன் பெயரைப் புதியதற்குக் கொடுத்தாள். எல்லாம் முடிந்தபின் பழைய ஆர்டர்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாக எடுத்துப் பார்த்தாள். அத்தனையும் சரி. டீச்சர் சொன்னது உண்மைதான். அன்று சாணைக்காரர் பட்டறை முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

வெங்காயத்தைச் சுற்றிப் பார்த்த மறுநாள், அவள் தங்கையின் கண்ணாடியோடும் டாக்டர் எழுதிக் கொடுத்த தாளோடும் பட்டறைக்குப் போனாள். நேராகக் கழுகிடம்.

கழுகு, முடிந்த கண்ணாடிகளைச் சோதித்து அனுப்புகிறவள். அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கீறல் வெளியே போனதில்லை என்பதால் அந்தப் பெயர். பெயர் பிடித்திருக்கிறது என்று காட்டிக்கொள்ள மாட்டாள். கண்ணாடியைப் பவர் பார்க்கும் மெஷினில் வைத்துச் சக்கரத்தைத் திருகினாள்.

"வலது மைனஸ் ஒண்ணு. இடது மைனஸ் நாலே கால்." இந்த ஆர்டருக்கு அச்சான சீட்டைத் தேடி எடுத்தாள். "சீட்டுலயும் வலது ஒண்ணு, இடது நாலே கால். அச்சு அசலா இருக்குக்கா. உங்க தங்கச்சி கண்ணைத்தான் மாத்தணும்."

மூன்றாமவள் டாக்டரின் தாளை நீட்டினாள். வலது மைனஸ் நாலே கால். இடது மைனஸ் ஒன்று.

கழுகு தாளைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். மறுபடி மெஷினுக்குள் பார்த்தாள். "நான் சீட்டோட ஒத்துப் பார்த்துத்தான் அனுப்பறேன். சீட்டே பொய் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?" அவள் குரல் உயர்ந்தது. "எம்மேல போட்டுடாதீங்க, சொல்லிட்டேன்."

"உன்மேல ஒண்ணும் இல்ல. நீ சத்தம் போடாதே, நான் யோசிக்கணும்."

சீட்டு அட்டவணையிலிருந்து வருகிறது. திரையும் அங்கிருந்துதான் வருகிறது. சாணைக்காரர் திரையைப் பார்த்து அரைக்கிறார், கழுகு சீட்டைப் பார்த்துச் சோதிக்கிறாள். ஆளுக்கு ஆள் சரி என்று தலையாட்டுகிறார்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறார்கள்.

சின்னக் கடைகள் ஆர்டரோடு டாக்டர் தாளின் நகலையும் அனுப்பும். அதில் சிலவற்றை எடுத்து ஒத்துப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. பாலத்தடிக் கடை தாள் அனுப்புவதில்லை. அவர்கள் கம்ப்யூட்டரே நேரடியாக இங்கே எழுதிவிடும், அதில் அவர்களுக்குப் பெருமை. அந்தக் கடைக்கு போன் போட்டாள். கடையிலிருந்த பெண் சலித்துக்கொண்டே நாலைந்து பேருடைய தாள்களை எடுத்துப் படித்தாள். முதலாவது மாறியிருந்தது. இரண்டாவதும். அதற்கடுத்தவருக்கு இரண்டு கண்ணும் ஒரே பவர், ஒன்றும் சொல்ல முடியவில்லை. அடுத்ததும் மாறியிருந்தது. ரொம்ப நாளைக்கு முந்தைய ஒன்றைப் படிக்கச் சொன்னாள். அது சரியாக இருந்தது.

எப்போதிலிருந்து என்று தேதியை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். தேடத் தேவையே இல்லை என்று பாதியில் புரிந்தது. சாணைக்காரர் டீ வாங்கிக் கொடுத்த நாளிலிருந்து.

பாலத்தடிக் கடை அனுப்புவதை அட்டவணையில் எழுதும் கட்டளை வரி பட்டறைக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது; அதைத் திறந்தாள். மற்ற கடைகளின் ஆர்டர்களைப் பதியும் வரிகள் "வலது பவரில் இதைப் போடு, இடது பவரில் இதைப் போடு" என்று பெயர் சொல்லிக் கேட்டன. இது பெயர் எதுவும் சொல்லவில்லை. வெறும் மதிப்புகள், ஒன்றன்பின் ஒன்றாக, காற்புள்ளி மட்டும் இடையில். முதல் ஆள் முதல் கட்டத்தில், இரண்டாவது ஆள் இரண்டாவதில். அம்மா கூப்பிடுவதுபோல. இத்தனை வருஷம் அது சரியாகவே நடந்தது, யாரும் நாற்காலிகளை நகர்த்தாதவரை. ஆள் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் எண் வந்திருந்தால் கம்ப்யூட்டரில் ஏதாவது உறுத்தியிருக்கும். எண் இருக்கும் இடத்தில் எண்தான் வந்தது. அது வாயைத் திறக்கவில்லை.

கொஞ்ச நேரம் அவள் அந்த வரியை ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகுதான் காது இரண்டும் சுட்டன.

இதை யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம். அந்த வரியில் பெயர்களை எழுதினால் தீர்ந்தது. தங்கைக்கு மட்டும் வேறு லென்ஸ். மற்றவர்களிடம் கடையில் பழகிடும் என்பார்கள், அவர்களும் தங்கள் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொள்வார்கள். இப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரிந்தது. தங்கை கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னலருகே நின்றதும் தெரிந்தது. எழுந்து முதலாளியம்மாவின் அறைக்குப் போனாள்.

"மேடம், ஒரு தப்பு நடந்திருக்கு. நான் பண்ணினது."

"உக்காந்து சொல்லும்மா. நின்னுக்கிட்டுச் சொன்னாப் பெரிசாத் தெரியுது."

"உக்காந்து சொன்னாலும் அதே அளவுதான் மேடம்."

சொன்னாள்.  

"இவ்வளவு நாளா யாரும் சண்டைக்கு வரலையே?"

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரி இருந்தா ஒண்ணும் தெரியாது மேடம். கொஞ்சம் வித்தியாசம்னா தலைவலிக்கும். என் தங்கச்சி மாதிரின்னா நேராவே தெரியாது. கடைக்குப் போனவங்களை எல்லாம் பழகிடும்னு அனுப்பியிருக்காங்க."

"யாரு சொன்னது வரிசையை மாத்தச் சொல்லி?"

"யாரும் சொல்லலை. வரிசைக்கு அர்த்தம் கிடையாதுன்னு வகுப்புல சொன்னாங்க. அது நிஜமான்னு பார்த்தேன்."

"பார்த்தே" என்றாள் முதலாளியம்மா. "ஊரான் கண்ணுல பார்த்தே."

மூன்றாமவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சரி, இப்ப என்ன? நம்ம போன் பண்ணி உங்க கண்ணாடி தப்புன்னு சொன்னா யார் நம்புவாங்க? ஏதோ ஏமாத்து வேலைன்னு போனை வெச்சிடுவாங்க."

"நம்ம தப்புன்னு சொல்ல வேணாம் மேடம். கண்ணாடியைக் கழட்டித் தலைகீழாப் பிடிச்சுத் தூரத்துல எதையாவது படிக்கச் சொல்லணும். அவங்களே சொல்லுவாங்க."

முதலாளியம்மா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு தன் கண்ணாடியைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "எனக்கு மசமசன்னுதான் இருக்கு."

"உங்களுது சரியான கண்ணாடி மேடம்."

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு கோபத்தைத் தேடிப் பிடித்தாள். "உன்னை என்ன பண்றதுன்னு நாளைக்கு யோசிக்கிறேன். இன்னைக்கு முதல்ல அந்த வரியைச் சரி பண்ணு. உன் தங்கச்சியோடதை உடனே அரைக்கச் சொல்லு. போ."

சாணைக்காரருக்கு விஷயம் அதற்குள் போய்விட்டது. கழுகு பறந்து போய்ச் சொல்லியிருந்தாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னாலயாம்மா?"

"நீங்க கேட்டது திரையை. நான் மாத்தினது அதுக்கு அடியில இருக்கறதை. உங்களால இல்லண்ணே."

"பழையபடியே வெச்சிடும்மா. நான் கழுத்தைத் திருப்பிக்கிறேன். இத்தனை வருஷம் திருப்பின கழுத்துதான்."

"இப்ப மாத்தினா கை பழக்கத்துல நீங்க திருப்பி அரைச்சிடுவீங்க. அது வேற வம்பு. அப்படியே இருக்கட்டும்."

அவர் கடைக்குட்டியின் லென்ஸை எடுத்தார். டாக்டரின் தாளை மெஷின்மேல் ஒட்டவைத்து, "வலது நாலே கால், வலது நாலே கால்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அரைத்தார். பட்டறையில் யாரும் அன்று அவரைக் கேலி செய்யவில்லை.

மூன்றாமவள் அந்த வரியில் ஒவ்வொரு மதிப்புக்கும் அதன் பெயரை எழுதினாள். ஆர்டர் எண்ணுக்கு ஆர்டர் எண். வலது பவருக்கு வலது பவர். எழுதி முடித்தபின் அத்தோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. அட்டவணையை நகல் எடுத்தாள். நகலில் நெடுவரிசைகளைக் கன்னாபின்னாவென்று கலைத்தாள். டப்பா நிறத்தைத் தூக்கி முதலில் வைத்தாள். வலது கண்ணுக்கும் இடது கண்ணுக்கும் நடுவில் இரண்டாவது தொலைபேசியைக் கொண்டுவந்து செருகினாள். பிறகு தங்கையின் ஆர்டரைப் பாலத்தடிக் கடை அனுப்புவதுபோலவே அந்த நகலுக்கு அனுப்பினாள்.

வலது, மைனஸ் நாலே கால். இடது, மைனஸ் ஒன்று. டப்பா நீலம். எல்லாம் அதனதன் பெயருக்கடியில் போய் உட்கார்ந்திருந்தன.

கழுகு அவள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். "இன்னும் விளையாடறீங்களாக்கா? பட்டது போதாதா?"

"இது நகல்தான். பாரு, டீச்சர் சொன்னது தப்பே இல்ல. பேர் சொல்லிக் கூப்பிட்டா வரிசையே வேணாம். பேர் சொல்லாம கூப்பிடறவங்களைப் பத்தி அவங்க ஒண்ணும் சொல்லலை, அவ்வளவுதான்."

"அதைக் கேட்டிருக்கலாம்ல?"

மூன்றாமவள் திரும்பிப் பார்த்தாள். அவள் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருந்திருக்கிறது. அதைக் கழுகு கேட்டுவிட்டாள். "ஆமா" என்றாள். நகலை அழித்தாள்.

அன்று மாலை கடைக்குட்டி ஜன்னலருகே நின்று முடி வெட்டும் கடையின் எண்ணைப் படித்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை, இடது கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை. பிறகு கண்ணாடியைத் தலைகீழாகப் போட்டுப் பார்த்தாள்.

"இப்ப இது கொசு" என்றாள். "அக்கா, உனக்கு வேலை போயிடுமா?"

"நாளைக்குத்தான் யோசிப்பாங்களாம்."

"போச்சுன்னா வேன்ல ஏறிக்கோ. புள்ளைங்களை வரிசையா நிக்க வெக்க ஒரு ஆள் வேணும்."

"வரிசையாவா?" என்றாள் மூன்றாமவள். "பேர் சொல்லிக் கூப்பிடறதா இருந்தா வரேன்."

மறுநாள் காலை கடைக்குட்டி லைசென்ஸ் அலுவலகத்துக்குப் போனாள். இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் படித்தாள். கடைசி வரியில் ஓர் எழுத்தைத் தவறாகச் சொன்னாள். பரவாயில்லை என்று முத்திரை போட்டார்கள். புகைப்படம் நன்றாக வரவில்லை.

பட்டறையில் முதலாளியம்மா காலையிலேயே சொல்லிவிட்டாள். இனிமேல் அட்டவணையில் எதை மாற்றினாலும் பக்கத்தில் கழுகு உட்கார்ந்திருக்க வேண்டும். டாக்டரின் தாள் இல்லாமல் எந்தக் கடையின் ஆர்டரும் அரைக்கப்படாது. மாறிப்போன லென்ஸ்களை அரைத்து முடிக்கும்வரை மூன்றாமவள் காலையில் கம்ப்யூட்டர், பிற்பகலில் டப்பா. மூன்றாமவள் சரி என்றாள்.

பிறகு பாலத்தடிக் கடையின் ஆட்களுக்கு ஒவ்வொருவராக போன் செய்தாள். முதல் ஆள் இரண்டு தரம் போனை வைத்துவிட்டு, மூன்றாவது தரம் தானே கூப்பிட்டு எப்போது வரட்டும் என்று கேட்டார். ஒரு பெண் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு வீட்டில் இருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு தையற்காரர், தனக்கு இப்போதுதான் பழகியிருக்கிறது, இனி மாற்ற மாட்டேன் என்றார். எப்படிப் பழகினீர்கள் என்று மூன்றாமவள் கேட்டாள். தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டு தைப்பதாகச் சொன்னார். எந்தப் பக்கம் என்று கேட்டாள். யோசித்துப் பார்த்து, இடப்பக்கம் என்றார். அவரை ஒரு தடவை வந்துவிட்டுப் போகச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

பிற்பகலில் டப்பா மடித்தாள். சாணைக்காரர் டீ வாங்கவில்லை.

மாலையில் அம்மா ஊரிலிருந்து போன் செய்தாள். "பெரியவளே" என்று ஆரம்பித்து, ஒரு மூச்சு நிறுத்தி, மூன்றாவதைத் தாண்டி, கடைக்குட்டி பாஸா என்று கேட்டாள். பாஸ் என்றாள் மூன்றாமவள். நல்லது என்று அம்மா போனை வைத்தாள்.